சீட் பெல்ட்டுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் என் இடுப்பு

துப்பாக்கி உறை தைக்கிறவன் எவனும் அதைப் போட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. நின்றுகொண்டே தைக்கிறான், நின்றுகொண்டே மாட்டிப் பார்க்கிறான், நின்றுகொண்டே விற்கிறான். உட்கார்ந்தால் வயிறு மடியும், தொடை மேலே வரும், இடுப்புச் சதை பக்கவாட்டில் பிதுங்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. அதோடு அவன் ஆம்பளை. இடுப்பு என்றால் நெஞ்சிலிருந்து நேராக இறங்கும் தூண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். என் இடுப்பு தூண் இல்லை. பிள்ளை பெற்ற, ஐம்பதைத் தாண்டிய இடுப்பு. அதில் ஒரு கைத்துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு மலேசியாவில் ஈப்போவிலிருந்து ஆயர் தாவார் வரை கார் ஓட்ட வேண்டும். அதுதான் என் வேலை.

நான் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவள். பென்ஷன் வருகிறது. வீட்டிலேயே இருந்தால் என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அவரும் என் முகத்தையே பார்க்க வேண்டும். இரண்டு பேருக்கும் நல்லதில்லை என்று ஈப்போவில் ஒரு பாதுகாப்பு நிறுவனத்தில் சேர்ந்தேன். அவர்கள் என்னை ஆச்சியிடம் அனுப்பினார்கள்.

ஆச்சி செட்டிநாட்டுக் குடும்பம். ஈப்போவில் நகைக் கடை, பத்து காஜாவிலும் ஆயர் தாவாரிலும் சின்னக் கடைகள். கணவர் போன பிறகு எல்லாவற்றையும் அவரே பார்க்கிறார். நகைப் பெட்டியை யாரிடமும் கொடுத்து அனுப்ப மாட்டார். மடியில் வைத்துக்கொண்டு அவரே போவார். கார் ஓட்ட ஒருவர், காவலுக்கு ஒருவர் என்று காரில் இரண்டு பேர் மூச்சு விடுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் இரண்டும் நானே. துப்பாக்கி கம்பெனியுடையது. காலையில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நடுவில் அது என் உடம்பை விட்டு இறங்கக் கூடாது. காரின் டேஷ்போர்டுக்குள் வைக்கக் கூடாது, கதவுப் பையில் சொருகக் கூடாது, கைப்பையில் போடக் கூடாது. பெட்ரோல் ஸ்டேஷன் கழிப்பறையிலும் அது என்னோடுதான். குந்தி உட்காரும் கழிப்பறையில் இடுப்பு பெல்ட்டோடு சேர்ந்து ஒரு துப்பாக்கியையும் பிடித்துக்கொண்டு காரியம் முடித்துப் பாருங்கள். அப்புறம் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்க மாட்டீர்கள்.

கம்பெனி கொடுத்த உறை வலது இடுப்பில் மாட்டுவது. நம் ஊர்க் காரில் ஓட்டுகிறவர் வலது பக்கம் உட்காருகிறார். வலது இடுப்புக்கு அந்தப் பக்கம் கதவு, இந்தப் பக்கம் சீட்டின் புடைப்பு, நடுவில் சீட் பெல்ட் முளைத்து வரும் இடம். அந்தச் சந்தில்தான் துப்பாக்கியும் இருக்க வேண்டும். கைப்பிடி என் விலா எலும்பைக் குத்தும். அடிமுனை சீட்டில் ஊன்றி என்னை இடது பக்கம் தள்ளும். பத்து காஜா வரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பேன். போத்தா தாண்டும்போது வலது கால் மரத்துப் போகும். ஆயர் தாவாரில் கார் கதவைத் திறந்து இறங்கினால் அடிபட்ட நண்டு மாதிரி நடப்பேன். கடைப் பெண்கள் ஓடிவந்து முதலில் என்னைப் பிடிப்பார்கள். காவல் காக்க வந்தவளை அவர்கள் காவல் காத்தார்கள்.

இதுவரைக்கும் பொறுத்துக்கொண்டேன். வலி என்றால் வலி. பொறுத்தால் போயிற்று. ஆனால் ஒரு நாள் எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் ஆச்சியின் ஈப்போ கடைக்குப் பின்னால் இருக்கும் சந்துக்கு வந்து நின்றார். அவர் முன்னாள் ராணுவம், என்னைவிட வயதில் சின்னவர், மீசை மட்டும் பெரியது. எல்லாக் காவலர்களையும் சோதிக்கிறார்களாம். குண்டுகளை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, துப்பாக்கி காலிதான் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். பிறகு காரில் உட்காரச் சொன்னார். பெல்ட் போடச் சொன்னார்.

"இப்ப எடுங்கக்கா."

எடுக்கப் பார்த்தேன். பெல்ட் கைப்பிடியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அதைத் தள்ளினால் சட்டை சிக்கியது. சட்டையை விடுவித்தால் முழங்கை கதவில் இடித்தது. அவர் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, இன்னும் வரலையா? திருடன் கோப்பி குடிச்சிட்டு வந்துருவான்லா."

"நீ உள்ள வந்து உக்காந்து எடுத்துப் பாரு. அப்ப தெரியும்."

"நான் எடுத்துக்குவேன். பொம்பளைங்களுக்கு இந்த வேலை ஒத்து வராதுன்னு நான் அப்பவே ஆபீஸ்ல சொன்னேன்."

அந்த வார்த்தையை முப்பது வருஷமாகக் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகவே கோபம் வருகிறது.

அவர் சொன்னது இதுதான். மாதக் கடைசியில் திரும்ப வருவார். பெல்ட் போட்டு உட்கார்ந்த நிலையில் ஒழுங்காக எடுக்க முடிந்தால் ஆச்சியிடம் தொடரலாம். முடியாவிட்டால் இந்தக் காருக்கு ஓர் ஆம்பளை வருவான், நான் ஏதாவது ஓர் அடகுக் கடை வாசலில் நீளத் துப்பாக்கியோடு ஜாகா நிற்க வேண்டும். ஜாகா என்றால் நாள் முழுக்க நிற்பது. என் முழங்கால்கள் ஏற்கெனவே டாக்டரிடம் போய்ப் புகார் கொடுத்திருக்கின்றன. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றால் ஒரே மாதத்தில் வேலையை விட்டுவிடுவேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் சோதனை வைக்கவில்லை, வழி அனுப்பி வைத்தார்.

சரி, உறையை மாற்று. வேறு என்ன?

ஈப்போவுக்குப் பக்கத்தில் செமோரில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் யூடியூப் பார்த்தேன். துப்பாக்கியோடு கார் ஓட்டுவது எப்படி என்று அமெரிக்காக்காரன்கள் போட்ட வீடியோ கொட்டிக் கிடக்கிறது. நமக்குச் சோற்றுக்கு எந்த அரிசி என்பது எப்படியோ, அவர்களுக்கு எந்த உறை என்பது அப்படி. தாடி வைத்த ஒருவன் பெரிய லாரி மாதிரி ஒரு காரில் உட்கார்ந்து சொன்னான்: கார் ஓட்டுகிறவனுக்கு இடுப்பின் இடது முன்பக்கம் சாய்த்து மாட்டும் உறைதான் சரி, வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் எடுக்கலாம், பெல்ட் தடுக்காது. எடுத்தும் காட்டினான். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வந்தது. என் வீட்டுக்காரர் பின்னால் நின்று பார்த்தார்.

"இவன் வயிறு உன் வயித்தைவிடப் பெரிசு. அவனுக்கே வருதுன்னா உனக்கும் வரும்."

அது அவர் எனக்குச் சொன்ன ஆறுதல். வாங்கிக்கொண்டேன்.

உறையையும் வாங்கினேன். ஈப்போவில் போலீஸ், ராணுவச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் கிடைத்தது. துப்பாக்கி வீட்டுக்கு வராது என்பதால் பழகுவதற்கு அவருடைய பெரிய ஸ்பானரை ஒரு துண்டில் சுற்றி உறைக்குள் சொருகினேன். வாசலில் நிற்கும் எங்கள் பழைய காரில் ஏறி, பெல்ட் போட்டு, வலது கையைக் குறுக்கே கொண்டு போய் இழுத்தேன்.

சீட் பெல்ட் அவிழ்ந்து என் முகத்துக்கு நேராகப் பறந்தது.

திரும்ப மாட்டினேன். திரும்ப இழுத்தேன். திரும்பவும் பெல்ட்தான் அவிழ்ந்தது. ஸ்பானர் அப்படியே இருந்தது. பெல்ட் மாட்டும் கொக்கி இருக்கும் இடத்தில்தான் உறையும் இருந்தது. நான் இழுக்கும்போதெல்லாம் முழங்கையோ மணிக்கட்டோ அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கியது. அமெரிக்காவில் அவனுக்கு ஏன் இப்படி ஆகவில்லை என்று வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏய், அவன் எந்தப் பக்கம் உக்காந்திருக்கான் பாரு."

இடது பக்கம். அங்கே ஓட்டுகிறவன் இடது பக்கம் உட்காருகிறான். அவனுக்குப் பெல்ட் இடது தோளிலிருந்து வந்து வலது இடுப்பில் மாட்டுகிறது. எனக்கு வலது தோளிலிருந்து வந்து இடது இடுப்பில் மாட்டுகிறது. அவன் சொன்னதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்குச் சரி. அவன் நாட்டில் நல்ல உறை, என் நாட்டில் சீட் பெல்ட் அவிழ்க்கும் கருவி. போலீசில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு, தினமும் கார் ஓட்டுகிறவளுக்கு, இது வாங்குவதற்கு முன்னால் தோன்றவில்லை. தாடியைப் பார்த்து ஏமாந்துவிட்டேன்.

அடுத்தது கணுக்கால். இதை நானே யோசித்தேன், எந்தத் தாடியையும் கேட்கவில்லை. ஆச்சியின் கார் ஆட்டோ கியர். வலது கால் மட்டும்தான் வேலை செய்கிறது, இடது கால் முதலாளி மாதிரி சும்மா கிடக்கிறது. அதில் கட்டினால் என்ன? துணிப்பட்டையில் தைத்த சின்ன உறை, இடது காலின் உள்பக்கம். முதல் நாள் பத்து காஜா போய் வந்தேன். இடுப்பில் ஒன்றுமே இல்லை. சீட்டில் முழு முதுகும் பட்டது. அழுகை வந்துவிட்டது. எத்தனை வருஷம் கழித்து ஒரு சீட்டில் ஒழுங்காக உட்காருகிறேன்!

எடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. வேகமாகக் குனிந்தால் சீட் பெல்ட் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டால் விடவே விடாது, பொறுமையாகக் குனிந்தால் விடும். திருடனிடம் கொஞ்சம் இரு தம்பி என்று சொல்லிவிட்டுக் குனிய முடியாது. ஆனால் காலை மடக்கி மேலே தூக்கினால் கைக்கு வந்தது. முழங்கால் கத்தியது. கத்தட்டும் என்று பழகிக்கொண்டிருந்தேன். பழகியிருப்பேன். ஆச்சி பார்த்துவிட்டார்.

ஆச்சியின் வீட்டில் செருப்பு, ஷூ எல்லாம் வாசலோடு சரி. ஷூவைக் கழற்றக் காலைத் தூக்கி வைத்தபோது பேண்ட் மேலே ஏறியது.

"என்னத்தா அது கால்ல?"

"துப்பாக்கி ஆச்சி. இடுப்புல வச்சா வலிக்குது. இப்ப இங்க மாத்திட்டேன்."

"கால்லயா?"

"ஆமாங்க ஆச்சி. வசதியா இருக்கு."

"ஆயுத பூசையன்னைக்கு நான் சந்தனம் குங்குமம் வச்சு கும்புட்டது இதைத்தானே?"

அது உண்மை. ஆயுத பூஜைக்குக் கடையில் தராசு, கல்லாப்பெட்டி, கத்தரிக்கோல், கார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். துப்பாக்கியை எடுத்துத் தட்டில் வைக்க முடியாது, விதி இடம் கொடுக்காது என்று சொன்னேன். "அப்ப நீ வந்து நில்லு" என்றார் ஆச்சி. நின்றேன். உறையின் மேல் பொட்டு வைத்தார், கற்பூரத் தட்டை என் இடுப்புக்கு நேராகக் காட்டினார். கடைப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அவர்களுக்குச் சிரிப்பு, எனக்கு வெட்கம், ஆச்சிக்கு மட்டும் பக்தி.

"கும்புட்ட சாமானைக் கொண்டுபோய்க் கால்ல கட்டுவியா? செருப்புக்குப் பக்கத்துல? நாளைக்கு அது வேலை செய்யாமப் போனா யாரு பொறுப்பு?"

"அது எண்ணெய் போட்டு வச்சா வேலை செய்யும் ஆச்சி."

"எண்ணெய் போட்டா மட்டும் எல்லாம் ஓடுமா? என் காருக்குள்ள இது ஆகாது. அவுரு."

நான் வாயாடுவேன். யாரிடமும் வாயாடுவேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கே உள்ளுக்குள் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜாதிதான் நானும். முதல் நாள் அதைக் காலில் கட்டும்போது யாரும் பார்க்காமல் ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கட்டினேன். அதை ஆச்சியிடம் சொல்லவில்லை. அவிழ்த்தேன்.

திரும்பவும் பழைய உறை, திரும்பவும் நண்டு நடை. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டு, "என்னக்கா, ரெடியா? அடகுக் கடைக்கு உங்க பேரைக் கொடுத்து வைக்கவா?" என்று சிரித்தார். போனைத் தூக்கிப் போட்டு உடைக்க நினைத்தேன். என் போன் என்பதால் உடைக்கவில்லை.

மிச்சம் இருந்தது தோளில் மாட்டும் உறை ஒன்றுதான். முதுகில் பட்டைகள் குறுக்கே போய், இடது அக்குளுக்குக் கீழே துப்பாக்கி படுத்திருக்கும். இதை நான் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. பொம்பளைக்குத் தோளில் ஏற்கெனவே இரண்டு பட்டை இருக்கிறது. அதற்கு மேல் இன்னும் இரண்டு. அக்குளுக்குக் கீழே இடம் காலியாக இருக்கிறது என்று நினைத்துத் தைத்தவன் யாரைப் பார்த்துத் தைத்தான் என்று தெரியவில்லை. பட்டைகளை இழுத்து, தளர்த்தி, வீட்டுக்காரரைவிட்டுப் பின்னால் பிடிக்கச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

"மாட்டுக்குக்கூட இவ்வளவு பட்டை கட்ட மாட்டாங்க," என்றார் அவர்.

"நீங்க வாயை மூடிக்கிட்டு அந்தக் கொக்கியைப் போடுங்க."

காரில் ஏறினேன். பெல்ட் போட்டேன். வலது தோளிலிருந்து குறுக்கே இறங்கி இடது இடுப்புக்குப் போயிற்று. இடது அக்குள் பெல்ட்டுக்கு மேலே, திறந்து கிடந்தது. கையைக் குறுக்கே கொண்டு போனேன். ஸ்பானர் வந்தது. திரும்ப வைத்தேன், திரும்ப வந்தது. கொக்கி இல்லை, கதவு இல்லை, சிவப்புப் பொத்தான் இல்லை. இடுப்பு வெறும் இடுப்பாக இருந்தது. தாடிக்காரனுடைய காரில் பெல்ட் இந்த இடத்தைத்தான் மூடும், அவனுக்கு இந்த உறை ஆகாது. நினைத்தபோது மனசுக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. நம் பக்கமும் ஏதோ ஒன்று சரியாக இருக்கிறது.

அந்த வாரம் நான் மனுஷியாகக் கார் ஓட்டினேன். மேலே ஒரு மெல்லிய ஜாக்கெட் போட்டு மறைத்துக்கொண்டேன். ஆயர் தாவாரில் நேராக இறங்கி நடந்தேன். கடைப் பெண்கள் என்னைப் பிடிக்க ஓடிவந்து, பிடிக்க ஒன்றும் இல்லாமல் திரும்பிப் போனார்கள். சோதனைக்கு முதல் நாளும் அப்படித்தான் கிளம்பினோம். ஆச்சி வழக்கம் போலப் பின்சீட்டில் இடது பக்கம், மடியில் பெட்டி. முதலாளிகள் உட்காரும் இடம் அதுதான். ஓட்டுகிறவளின் முகம் அங்கிருந்துதான் தெரியும், திட்டுவதற்கு வசதி.

வெயில் கொளுத்தியது. ஏர்கான் மூச்சு வாங்கியது. போத்தாவைத் தாண்டியதும், இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மட்டுமே இருக்கும் நேர் ரோட்டில், ஒரு சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஜாக்கெட்டைக் கழற்றிப் பக்கத்துச் சீட்டில் போட்டேன். கண்ணாடி கறுப்பு, வெளியே யாருக்கும் தெரியாது. விளக்கு பச்சையானது. கிளம்பினோம். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. ஆச்சி பேசாமல் இருந்தால் தூங்குகிறார் என்று அர்த்தம். கண்ணாடியில் பார்த்தேன். தூங்கவில்லை. என் இடது கைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா."

"சொல்லுங்க ஆச்சி."

"உன் கைக்குக் கீழ ஒரு ஓட்டை தெரியுதே. அது என்ன ஓட்டை?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. படுக்கை வாட்டில் வைக்கும் உறை. கைப்பிடி முன்னால் என் கைக்கு. அப்படியென்றால் மறுமுனை?

"அது... துப்பாக்கியோட முனை ஆச்சி."

"குண்டு வர்ற முனையா?"

"ஆமாங்க ஆச்சி."

"அது என்னைப் பாக்குது."

பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"உள்ள குண்டு இருக்கா?"

"குண்டு இல்லாம எப்படி ஆச்சி காவல் காக்கிறது?"

"எத்தனை நாளா என்னைப் பாக்குது?"

"இந்த வாரம் பூரா."

ஆச்சி மடியில் இருந்த பெட்டியைத் தூக்கி நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

"நிப்பாட்டு வண்டியை."

"உறைக்குள்ள இருந்தா வெடிக்காது ஆச்சி. விசையை யாரும் தொட முடியாது. மூடி இருக்கு பாருங்க."

"திருடன்கூட என்னை ஒரு வாரம் குறி வச்சதில்லத்தா! நிப்பாட்டு!"

ஓரமாக நிறுத்தினேன். ஆச்சி பெட்டியை அணைத்துக்கொண்டு இறங்கினார். பட்டுப்புடவையோடு, நகைப் பெட்டியோடு, செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் நின்றார். குலைகள் ஏற்றிப்போன ஒரு லாரிக்காரன் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தான். நான் அவசரமாக ஜாக்கெட்டைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கினேன். காவல் காக்கிறவள் என்ற முறையில், இந்த மாதத்திலேயே ஆபத்தான இடத்தில் ஆச்சியை நிறுத்தி வைத்தது நான்தான்.

"ஏறுங்க ஆச்சி. ரோட்டுல நிக்கக் கூடாது."

"அந்த ஓட்டைக்கு முன்னால நான் உக்கார மாட்டேன்."

"பழைய உறை கார்ல இல்ல ஆச்சி. ஈப்போவுலதான் இருக்கு. நாளைக்கு எனக்குச் சோதனை வேற. இதை மாத்தினா நான் தோத்துருவேன். என்னைத் தூக்கிட்டு உங்களுக்கு ஒரு ஆம்பளையைப் போட்டுருவாங்க."

அதை நான் கெஞ்சிச் சொல்லவில்லை. கோபமாகத்தான் சொன்னேன். எனக்குக் கெஞ்சத் தெரியாது. ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கு முன்னால ஒருத்தன் இருந்தானே, அவனா?"

"அவனோ, அவனை மாதிரி இன்னொருத்தனோ."

ஆச்சியின் முகம் மாறியது. எனக்கு முன்னால் இருந்த காவலர் காரிலேயே சிகரெட் பிடிப்பாராம். ஆச்சி கழிப்பறைக்குப் போனால் வெளியே நின்று, "ஆச்சி, ஓகேயா?" என்று ஊரே கேட்கக் கத்துவாராம். ஆச்சி கொஞ்சம் யோசித்தார். பிறகு நேராக நடந்துபோய் முன் கதவைத் திறந்தார். முன்சீட்டில், எனக்குப் பக்கத்தில், உட்கார்ந்தார்.

"இங்க உக்காந்தா பாக்குமா?"

"பாக்காது ஆச்சி. அது பின்னாலதான் பாக்கும்."

"பின்னால யாரும் இல்லல்ல? பாக்கட்டும். எடு வண்டியை."

ஆச்சி வாழ்நாளில் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா கார், பின்னால் கணவர் கார், எல்லாவற்றிலும் பின்சீட்டுதானாம்.

மறுநாள் காலை கடைக்குப் பின்னால் சந்தில் சூப்பர்வைசர் வந்தார். துப்பாக்கியைக் காலி செய்தோம், பார்த்துக்கொண்டோம். தோள் உறையைப் பார்த்ததும் அவர் மீசை கொஞ்சம் இறங்கியது. நான் காரில் ஏறிப் பெல்ட் போட்டேன். அவர் தைரியமாகப் பின்சீட்டில், முதலாளி இடத்தில், ஏறி உட்கார்ந்தார். உள்ளே இருந்து பார்க்கிறாராம்.

"ஸ்டார்ட்," என்றார்.

எடுத்தேன். ஒரே இழுப்பு. முன் கண்ணாடியைப் பார்த்து நீட்டினேன். வைத்தேன். திரும்ப எடுத்தேன். வைத்தேன். இன்னும் வேண்டுமா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் சீட்டின் நடுவில் இருந்தார். கொஞ்சம் முன்புதான் இடது ஓரத்தில் இருந்தார்.

"அக்கா, அது எங்கே பாக்குது?"

"காலிதானே. நீங்கதானே பாத்தீங்க."

"காலிதான்லா. ஆனாலும்..." அவர் இன்னும் நகர்ந்து என் சீட்டுக்கு நேர் பின்னால் போய், முழங்காலை முகவாய் வரை மடக்கி உட்கார்ந்தார். அங்கிருந்து ரொம்ப அதிகாரமாகச் சொன்னார்: "இது ஆகாதுக்கா. முதலாளி உக்கார்ற இடத்துக்கு நேரா முனை இருக்கு. வேகமெல்லாம் ஓகே. உறை ஃபெயில்."

"மூடின உறை. குறி எல்லாம் வைக்கல."

"ஃபெயில்தான்க்கா. அலாமாக்! நீங்களே பின்னால வந்து உக்காந்து பாருங்க."

நியாயமாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இவ்வளவு நாள் தப்பாகவே பேசிய மனுஷன், என் வேலை போகிற நேரத்தில் போய்ச் சரியாகப் பேசுகிறார். அடகுக் கடை வாசல் என் கண் முன்னால் தெரிந்தது. அப்போது கடையின் பின் கதவு திறந்து ஆச்சி வந்தார். காரைச் சுற்றிக்கொண்டு வந்து முன் கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினார். அப்புறம் திரும்பி, முழங்காலுக்குப் பின்னால் தெரிந்த மீசையைப் பார்த்தார்.

"இவன் ஏன்த்தா இப்படி முட்டைபோடுற கோழி மாதிரி உக்காந்திருக்கான்?"

"சோதனை ஆச்சி," என்றேன்.

"ஆச்சி, நீங்க பின்னாலதான் உக்காரணும்," என்றார் அவர். "எங்க கம்பெனி ரூல் அது. முன்னால உக்காந்தா உங்களுக்குப் பாதுகாப்பு இல்ல."

"பின்னால உக்காந்தா?"

அவர் என் அக்குளைப் பார்த்தார். கதவோடு இன்னும் ஒட்டிக்கொண்டார்.

"கார் யாருது தம்பி?"

"உங்களுதுதான் ஆச்சி."

"என் கார்ல நான் எங்க உக்காரணும்னு நீ சொல்லுவியா? நான் முன்னாலதான் உக்காருவேன். பின்னால காலியாத்தான் இருக்கும். அந்த ஓட்டை காத்தைப் பாத்துக்கிட்டு வரட்டும். இவ சரியா எடுத்தாளா, இல்லியா? அதைச் சொல்லு."

"எடுத்தாங்க ஆச்சி. நல்லாவே எடுத்தாங்க."

"அப்ப எழுதிக்க. எனக்கு இவளைப் புடிக்கும்னு நினைச்சுக்காத. வாய் சரியில்ல. ஆனா இவ சிகரெட் புடிக்கல, கக்கூஸ் வாசல்ல நின்னு கத்தல. நீ இறங்கு, நேரமாச்சு."

அவரால் உடனே இறங்க முடியவில்லை. கால் மரத்துப் போயிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெதுவாக இறங்கினார். நண்டு நடை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கை கொடுக்கவில்லை.

வேலை தங்கிவிட்டது. அதே உறை, அதே கார், இடுப்பு வலி இல்லை. ஆனால் ஆச்சி இப்போது முன்சீட்டில் இருக்கிறார். பின்சீட்டில் இருந்தபோது அவருக்கு ரோடு தெரியவில்லை, முன்சீட்டின் முதுகும் என் முகமும்தான் தெரிந்தன. இப்போது ரோடு முழுக்கத் தெரிகிறது. லாரி வந்தால் அவர் வலது கால் தானாக பிரேக்கைத் தேடுகிறது. "முந்தாதே" என்கிறார். முந்தாமல் இருந்தால் "இவன் பின்னாலயே ஆயர் தாவார் வரைக்கும் போகப் போறியா?" என்கிறார். பின்சீட்டில் அவர் பெல்ட் போட்டதே இல்லை, இங்கே போடாமல் நகர விடமாட்டேன். அது அவர் கழுத்துச் சங்கிலியோடு சிக்குகிறது, பெட்டியின் மேல் ஏறுகிறது, வயிற்றை அறுக்கிறது.

நேற்று பத்து காஜா தாண்டும்போது அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, இது குத்துது. உனக்குத்தான் பெல்ட்டு, பட்டை எல்லாம் தெரியுமே. எனக்கு வசதியா ஏதாவது பாத்து வாங்கக் கூடாதா?"

"பாக்கிறேன் ஆச்சி."

வீட்டுக்கு வந்ததும் யூடியூபைத் திறந்தேன். இந்த முறை, பேசுகிறவன் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான் என்று முதலில் பார்த்தேன்.